காலேஜ் கொடுத்த அட்வான்ஸ்

காலேஜ்காரன் வீடு தேடி வந்து அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான் என்று சின்னக்கண்ணு மூன்று நாளைக்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். டீக்கடையில் சொன்னான், ரேஷன் கடை வரிசையில் சொன்னான், கச்சிராயபாளையம் சந்தையில் முன்பின் தெரியாத வெற்றிலைக்காரியிடமும் சொன்னான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கரும்பு வெட்டுகிறவன். அந்த வேலையில் மேஸ்திரி ஒருவனைத் தேடி வந்து அட்வான்ஸ் கொடுத்தால் அவன் கெட்டிக்கார ஆள் என்று அர்த்தம். சோம்பேறிக்கு யார் கொடுப்பார்கள்? தன் மகளுக்கு ஒரு காலேஜே மூவாயிரம் ரூபாயை உறையில் போட்டு, முதுகில் மாட்டுகிற பையும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்துக் கொடுத்தால் ஒரு தகப்பன் வேறென்ன நினைப்பான்?

அட்வான்ஸ் வாங்கினால் அடையாளத்துக்கு எதையாவது கொடுத்து வைப்பதும் அந்த வேலையின் வழக்கம்தான். மேஸ்திரி அய்யனார் வெட்டு தொடங்கும்போது ரேஷன் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வார். கணக்கு முடிந்ததும் திருப்பித் தருவார். அதனால், அந்த மூவாயிரத்தோடு பைக்கில் வந்த பிரவீன்குமார் என்ற பையன், "அண்ணா, ஒரிஜினல் குடுத்தீங்கன்னா சீட்டு கன்ஃபார்ம், டியூஷன் ஃபீஸே கிடையாது" என்றதும், சின்னக்கண்ணு பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டான். பத்தாவது மார்க் ஷீட், பன்னிரண்டாவது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ். ரசீதுகூடக் கேட்கவில்லை.

அது மே மாதம், ஆலையில் அரவை முடியப்போகிற கடைசி வாரம். கையில் கத்தி பட்டதால் சின்னக்கண்ணு வீட்டோடு கிடந்தான். அவன் மனைவி அம்சவள்ளி வெட்டுக்குப் போயிருந்தாள். மகள் தேவதர்ஷினி இ-சேவை மையத்தில் உட்கார்ந்து கவர்மென்ட் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பொம்பளைகளில் ஒருத்தி வீட்டில் இருந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

சாயங்காலம் வந்த அம்சவள்ளி குளிக்கக்கூடப் போகவில்லை. கரும்புச் சோகைத் தூசி ஒட்டிய சட்டையோடு பெட்டியின் முன்னால் நின்றாள்.

"இன்னாமே, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு நிக்கிற? பொண்ணுக்கு ஃப்ரீ சீட்டு கெடச்சிருக்குது" என்றான் சின்னக்கண்ணு.

"அட்வான்ஸ் வாங்குனவன் யாருக்கு வேல செய்யணும்?"

"குடுத்தவனுக்கு."

"அவன் கூலிய கம்மி பண்ணா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாமே சம்பந்தம்?"

"அட்ட அவன் கையில கீது. நீ எங்கய்யா போவ?"

தேவதர்ஷினி அழுதாள். அவளுக்கு வேதியியல் படிக்க வேண்டும். பன்னிரண்டாவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கிய பாடம் அது. பிரவீன்குமார் அவளுக்கு எழுதிக்கொண்டு போனதோ கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட, நாலு இங்கிலீஷ் வார்த்தை நீளத்துக்குப் பெயர் உள்ள ஏதோ ஒரு படிப்பு. சின்னக்கண்ணுவால் அந்தப் பெயரை ஒரு தடவைகூட முழுசாகச் சொல்ல முடியவில்லை. அதனாலேயே அது பெரிய படிப்பு என்று அவன் நம்பினான்.

ஜூன் பிறந்ததும் இரண்டு செய்தி ஒரே நாளில் தேவதர்ஷினியின் போனுக்கு வந்தன. ஒன்று கவர்மென்ட் காலேஜிலிருந்து: வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கலந்தாய்வு, அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். மற்றது பிரவீன்குமாரிடமிருந்து: முதல் வருஷத்துக்குக் கட்ட வேண்டிய தொகைகள்.

அன்றைக்கு அவர்கள் கோமுகி வாய்க்கால் ஓரத்தில் ஒரு தோட்டத்தில் சோகை உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆறு பெண்கள், எல்லாரும் அய்யனார் கூட்டத்தில் வெட்டுக்குப் போகிறவர்கள். வெட்டு இல்லாத மாதங்களில் இந்த மாதிரி வேலைக்கும் சேர்ந்தே போவார்கள். ஆளுயரக் கரும்புக்குள் காற்றே கிடையாது. காய்ந்த தோகையை இழுக்கும்போது அதன் ஓரம் கையைக் கிழிக்கும், சுணை கழுத்தில் இறங்கி அரிக்கும். அதற்காகத்தான் புடவைக்கு மேலே புருஷன்மாரின் முழுக்கைச் சட்டை. மத்தியானம் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்தபோது மகளும் வந்து சேர்ந்தாள். அவள் போனைப் பார்த்துப் படிக்கப் படிக்க, அம்சவள்ளி பழைய சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

"டியூஷன் இல்ல, சரி. பஸ்ஸு இருவத்திரெண்டாயிரம். ட்ரெய்னிங்கு பதினஞ்சாயிரம். லேபு எட்டாயிரம். யூனிஃபார்மு, ஷூ, ஐடி கார்டு ஆறாயிரத்து ஐநூறு. பரீச்சைக்கு நாலாயிரம். அசோசியேஷனு மூவாயிரம்."

"அது இன்னாது அசோசியேஷனு?" என்று கேட்டாள் ஜெயம்மாள். கூட்டத்தில் மூத்தவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"தெரில அத்த."

"எம்மாந்துட்டு ஆச்சி?"

"அம்பத்தெட்டாயிரத்து ஐநூறு. ரெண்டாவது வருசத்துலேர்ந்து டியூஷனும் உண்டாம், முப்பதாயிரம்."

"ஃப்ரீ சீட்டு!" என்று சொல்லி ஜெயம்மாள் ஊறுகாயைத் துப்பினாள்.

அம்சவள்ளிக்கு ரூபாயில் கணக்குப் போடத் தெரியாது என்றில்லை. ஆனால் அவ்வளவு ரூபாய் அவளுக்குக் கண்ணால் பார்க்காத பொருள். டன் அப்படி இல்லை. "வெட்டி, கட்டி, லாரியில ஏத்துனா மேஸ்திரி கமிஷன் போவ டன்னுக்குத் தொள்ளாயிரம். அதுல போட்டுப் பாரு" என்றாள்.

"மொத வருசத்துக்கு மட்டும் அறுவத்தஞ்சி டன்னும்மா. மூணு வருசத்துக்கும் சேத்தா எரநூத்தி அறுவதுக்கு மேல."

"பதினஞ்சி லாரி" என்றாள் அம்சவள்ளி. பதினைந்து லாரிக் கரும்பும் ஒவ்வொரு கட்டாகத் தன் தலையில் ஏறி, லாரிக்குச் சாய்த்த பலகை வழியாகப் போவதை அவளால் பார்க்க முடிந்தது. "கவர்மென்ட்டு காலேஜில?"

"வருசத்துக்கு மூணு டன்னுகூட ஆவாது. டவுன் பஸ்ஸு நமக்கு ஃப்ரீ. மாசம் ஆயிரம் ரூபா எனக்கு பேங்குல வுழும்."

"அந்த ஆயிரம் தனியாருல படிச்சாலும் வரும்னு உங்கப்பன் சொல்லிக்கினு இருந்தானே?"

"வரும். அத அப்படியே ஃபீஸுல கட்டிக்கலாம்னு பிரவீன் அண்ணன் சொல்லுச்சி."

"பாரேன், கவர்மென்ட்டு நம்ம பொண்ணுக்குக் குடுக்குற துட்டு மேலயும் கண்ணு!" என்றாள் ராஜாம்பாள். அவளுக்கும் இரண்டு பெண்கள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சின்னக்கண்ணு விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்தால் மூன்று நாள் ஊரில் பேசிய பேச்சு என்ன ஆவது?

"கவுருமெண்டு காலேஜில வாத்தியாரே ஒயுங்கா வர மாட்டான்னு சொல்றாங்கமே. லேபுல பத்து பேருக்கு ஒரு கண்ணாடிக் கொயா. பஸ்ஸு கூட்டத்துல தொங்கிக்கினு போவணும். அங்க பாரு, ஏசி, கண்ணாடி, வூட்டு வாசல்ல பஸ்ஸு."

"வாத்தியாரு வரலன்னா வர வெக்கலாம். கலெக்டர் ஆபீஸு இங்கதான இருக்குது. போயி மனு குடுக்குறேன், அது நம்ம துட்டுல நடக்குற எடம். அசோசியேஷன்னா இன்னான்னு அங்க போயி யார கேப்ப?"

"கேட்டா சொல்லுவாங்க."

"அப்ப நீயே போயி கேளு. பொண்ணு பேப்பரயும் வாங்கிக்கினு வா."

செவ்வாய்க்கிழமை அவன் போனான். கள்ளக்குறிச்சிக்கு வெளியே, பைபாஸை ஒட்டி, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட நாலு மாடிக் கட்டடம். ஊரில் அதற்குக் கண்ணாடிக் காலேஜ் என்றே பெயர். வேட்டியை இறக்கிவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போனவனை வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தினான். உள்ளே போனதும் மேனேஜர் ஒருவர், 'சீட்டை உங்களுக்காகப் பிளாக் பண்ணி வைத்திருக்கிறோம், வேண்டாம் என்றால் ஒரு வருஷத் தொகையைக் கட்டிவிட்டுச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி மூன்று நிமிஷத்தில் வெளியே அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்தவன் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. "படிக்காததுக்கும் அம்பத்தெட்டாயிரம் கட்டணுமாம்" என்றான். "அய்யனாரு மேஸ்திரிகூட இப்டி செய்ய மாட்டாரு." வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மகளைக் கௌரவமாக ஓரிடத்தில் சேர்த்துவிட்டதாக நினைத்தவன் அவன். அம்சவள்ளிக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் இடம் மாறிக் கண்ணாடிக் கட்டடத்தின் மேல் போய் நின்றது.

சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது என்று விதி இருப்பதாகப் பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். மனு கொடுத்தால் நடவடிக்கை வரும், ஆனால் நாளாகும். அம்சவள்ளிக்கு இருந்தது ஒரே ஒரு நாள், புதன்கிழமை.

கரும்பு வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கூலியில் தகராறு வந்தால் வெட்டாமல் நிற்க மாட்டார்கள். முழுத் தோட்டத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டு, லாரியில் ஏற்றாமல் வரப்பில் உட்கார்ந்துகொள்வார்கள். நிற்கிற கரும்புக்கு அவசரம் கிடையாது. வெட்டிய கரும்பு மணிக்கு மணி காயும், எடை குறையும். சத்தமோ சண்டையோ வேண்டாம், வெயில் பார்த்துக்கொள்ளும். தோட்டத்துச் சொந்தக்காரன் ஓடி வருவான்.

"காலேஜிக்கு இப்ப அட்மிஷன் நேரம்" என்றாள் அம்சவள்ளி. "வர்ற ஒவ்வொரு ஆளும் வெட்டுன கரும்புதான். நம்ம போயி வரப்புல உக்காரலாம்."

ஆறு பெண்களும் ஒரு நாள் கூலியை விட்டார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வருகிறேன் என்ற ராஜாம்பாளை அம்சவள்ளி தடுத்தாள். சட்டையோடு, தூக்குவாளியோடு, வேலைக்குப் போகிற கோலத்திலேயே டவுன் பஸ் ஏறினார்கள். அவர்கள் பின்னால் தேவதர்ஷினியும், கடைசியில் சின்னக்கண்ணுவும் ஏறினார்கள். காலேஜ் கொடுத்த பையை மார்போடு அணைத்திருந்தான். அதற்குள் அந்தப் பாட்டிலும், ஜெயம்மாள் வீட்டில் கைமாற்று வாங்கிய மூவாயிரமும் இருந்தன.

வாட்ச்மேன் மறித்தான். "அட்மிஷனுக்கு வந்திருக்கோம், ஆறு பேருக்கும் பொண்ணு இருக்குது" என்றாள் ஜெயம்மாள். அட்மிஷன் என்ற சொல்லுக்கு அந்தக் கேட் தானாகத் திறக்கும்.

உள்ளே ஏசி குளிர். நீல நிற மெத்தை நாற்காலிகளில் அங்கங்கே அப்பா, அம்மா, பிள்ளை என்று உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் ஆறு பேரும் ஒரே வரிசையில் உட்காரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்குப் பக்கத்திலும் ஒருத்தி போய் உட்கார்ந்தாள். அது அம்சவள்ளியின் யோசனை.

மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அம்சவள்ளி எழுந்து போய்ச் சொன்னாள், "சார், தேவதர்ஷினின்னு எம் பொண்ணு பேப்பரு இருக்குது. நாளிக்கி கவர்மென்ட்டு காலேஜில கூப்ட்டுருக்காங்க. குடுத்தீங்கன்னா போயிடுவோம்."

"நேத்தே சொல்லியாச்சேம்மா. ஃபீஸ கட்டிட்டு வாங்கிட்டுப் போங்க."

"புடிச்சி வெக்கக்கூடாதுன்னு ரூலு இருக்குதாம்ல சார்?"

"ரூலும் இருக்கு, மேனேஜ்மென்ட்டும் இருக்கு. மேனேஜ்மென்ட் சொன்னாத்தான் நான் குடுக்க முடியும்."

"சரிங்க சார். சொல்ற வரைக்கும் உக்காந்துகினு இருக்கோம்."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வந்து, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சாவகாசமாகக் கேட்டாள், "எந்த ஊருங்க?"

"தச்சூருங்க."

"ஃப்ரீ சீட்டுன்னு சொன்னாங்களா?"

"ஆமாங்க. இன்னா, உங்களுக்கும் அப்டிதானா?"

"பஸ்ஸு இருவத்திரெண்டாயிரம்னு சொன்னாங்களா? ட்ரெய்னிங்கு பதினஞ்சாயிரம்? அசோசியேஷனு?"

அந்த அம்மாளின் புருஷன் திரும்பி உட்கார்ந்தார். தேவதர்ஷினி போனை நீட்டி, பட்டியலை அவரே படிக்கும்படி காட்டினாள். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு மடியிலிருந்த பிளாஸ்டிக் உறையைத் தொட்டுப் பார்த்தார். சான்றிதழ்கள் இன்னும் அவரிடம்தான் இருந்தன. "ஏ, எழுந்திரு" என்றார் மகனிடம்.

பதினொன்றரை மணிக்குள் மூன்று குடும்பம் எழுந்து போனது. மேனேஜர் வெளியே வந்து, போலீஸைக் கூப்பிடுவேன் என்றார்.

"கூப்புடுங்க சார், சவுகரியமாப் போவும். எங்க பேப்பரு உங்க கிட்ட மாட்டிக்கினு இருக்குதுன்னு அங்க போயி எழுதிக் குடுக்க ஆறு பேரும் அலையணும். அவங்களே இங்க வந்துட்டா மிச்சம்" என்றாள் ஜெயம்மாள்.

போலீஸ் வரவில்லை. கூப்பிட்டிருந்தால்தானே வரும்.

ஒரு மணிக்கு ராஜாம்பாள் தூக்கைத் திறந்தாள். கருவாட்டுக் குழம்பு. ஏசி அறைக்குள் அந்த வாசனை எங்கும் போக வழியில்லாமல் கண்ணாடிக்குக் கண்ணாடி முட்டிக்கொண்டு நின்றது. வரவேற்பு மேஜையில் இருந்த பெண் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். அவளும் ஏதோ ஒரு கருவாட்டு வீட்டுப் பெண்தான், சிரிப்பிலேயே தெரிந்தது. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்துக்குள் அன்றைக்கு நடந்த ஒரே நேர்மையான காரியம் அந்தச் சாப்பாடுதான்.

அப்போதுதான் பிரவீன்குமார் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தான். யாரோ போன் செய்து வரவழைத்திருந்தார்கள். அம்சவள்ளியின் முன்னால் குந்தினான்.

"அக்கா, உங்கள கையெடுத்துக் கும்புடுறேன். எழுந்து போயிடுங்கக்கா. நான் கொண்டாந்த ஆளுன்னு என்னைய வாங்கு வாங்குன்னு வாங்குறாங்க."

"நீ எம் பொண்ணு பேப்பர வாங்கிக் குடு. போயிடுறேன்."

"என் பேப்பரயே நான் வாங்க முடிலக்கா."

"இன்னாடா சொல்ற?"

அவன் குரலைத் தாழ்த்தினான். அவனும் இதே காலேஜில் ஃப்ரீ சீட்டில் படித்தவன். படிப்பை முடிக்கும்போது நாற்பத்தொன்றாயிரம் பாக்கி. அதைக் கட்டினால்தான் டிகிரி என்றார்கள். ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பாக்கியில் இரண்டாயிரம் கழியும். "பத்தொம்பது பேர சேத்துட்டேங்க்கா. லேட் ஃபீஸு லேட் ஃபீஸுன்னு போட்டு இன்னும் இருவத்தி நாலாயிரம் நிக்கிது. ஓசூர்ல ஒரு கம்பெனியில வேல கெடச்சது, டிகிரி சர்டிபிகேட்டு கேட்டான். எங்கேர்ந்து குடுக்குறது?"

அம்சவள்ளி அவனையே பார்த்தாள். இருபத்து நாலு வயசு இருக்கும். கழுத்தில் காலேஜ் பெயர் போட்ட பட்டை தொங்கியது. பத்தொன்பது வீட்டுப் பெட்டிகளைத் திறக்க வைத்தவன். ஆனாலும் அவள் ஒரு உருண்டைச் சோற்றை மூடியில் வைத்து அவன் பக்கம் தள்ளினாள். அவன் தொடவில்லை.

மூன்று மணிக்கு ஹாலில் அட்மிஷனுக்கு வந்தவர் ஒருவரும் மிச்சமில்லை. மேனேஜர் இரண்டு முறை யாரோடோ போனில் பேசினார். பிறகு ஒரு பச்சை ஃபைலோடு வந்தார்.

"பணம் வாங்கிட்டு, பை வாங்கிட்டு, இப்ப வந்து கலாட்டா பண்றீங்க. இதான் உங்க நாணயம்" என்றார்.

அதுவரை மூலையில் நின்ற சின்னக்கண்ணு முன்னால் வந்தான். பையை மேஜை மேல் வைத்தான், அதன் மேல் மூவாயிரத்தை வைத்தான்.

"வாங்குனது நெசம் சார். நான்தான் வாங்குனேன், புத்தியில்லாம. எங்க வேலையில மூவாயிரம் அட்வான்ஸ் வாங்குனா நாலு டன்னு வெட்டிக் குடுத்தா தீந்து போச்சி, அட்ட கைக்கு வந்துடும். நீங்க மூவாயிரம் குடுத்துட்டு அறுவத்தஞ்சி டன்னு கேட்டீங்க. நாணயத்த யாரு பேசுறது? எண்ணிக்கோங்க."

அவன் அந்த அளவுக்கு நீளமாகப் பேசி அம்சவள்ளி பார்த்ததில்லை. மேனேஜர் எண்ணவில்லை. ஃபைலைத் தள்ளினார். தேவதர்ஷினி நின்றபடியே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது, டி.சி., சாதிச் சான்றிதழ். "எல்லாம் இருக்குதும்மா" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் தளும்பியது.

பெண்கள் தூக்குவாளிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கதவுவரை போய்விட்டார்கள். பிரவீன்குமார் சுவரோரம் நின்றான். மேனேஜர் அவனைப் பார்த்து, "அஞ்சு அட்மிஷன் போச்சுடா இன்னைக்கு. அதையும் உன் கணக்குலதான் ஏத்துவேன்" என்றார்.

அம்சவள்ளி நின்றாள். மகளிடம் திரும்பி, "நீயும் அப்பாவும் போங்க. நாளிக்கி காலையில ஏழு மணி பஸ்ஸ புடிச்சிடு. பேப்பர யாரு கையிலயும் குடுக்காத, கேட்டா காட்டு, பாத்ததும் வாங்கிக்கோ" என்றாள்.

"யம்மா, நீ வரல?"

"எனுக்கு இன்னும் வேல இருக்குது."

ஜெயம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "ஏ, உனுக்கு பைத்தியமா? உன் குடும்பத்த மாட்டி வுட்டவன்டி அவன்!"

"மாட்டி வுட்டான், நெசந்தான். அவன அவுத்து வுடலன்னா நாளிக்கி ராஜாம்பாக்கா வூட்டு வாசல்ல பைக்க நிறுத்துவான்."

ராஜாம்பாள் தூக்கைக் கீழே வைத்தாள்.

அம்சவள்ளி பழைய நாற்காலிக்கே போய் உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். ஜெயம்மாள் முணுமுணுத்துக்கொண்டே கடைசியில் உட்கார்ந்தாள்.

"உங்க ஃபைல குடுத்தாச்சேம்மா! இன்னும் என்ன?" என்று கத்தினார் மேனேஜர்.

"இன்னொரு ஃபைலு இருக்குது சார். பேரு பிரவீன்குமாரு."

"அவன் உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்லீங்க" என்றாள் அம்சவள்ளி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு, கையில் காலேஜ் நோட்டீஸோடு ஒரு அப்பாவும் மகளும் உள்ளே வந்தார்கள். அவர்கள் உட்கார அவள் பக்கத்து நாற்காலியிலிருந்து தன் தூக்கை எடுத்துக் கீழே வைத்துக்கொண்டாள்.